பதினான்கு பேரில் பதினொருவர்: சிறிய கத்தோலிக்க நாட்டுப்புறப் பள்ளி இயங்கும் விதம்

கால்பந்து ஆட ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர் வேண்டும். மேல்வகுப்புப் பையன்கள் மொத்தமே பதினான்கு பேர் என்றால் அங்கே தேர்வுக் குழுவுக்கு என்ன வேலை? ஒருவனுக்குக் காய்ச்சல். ஒருவன் அப்பாவோடு வயலில் இருக்கிறான். இன்னொருவனுக்குக் கால் சுளுக்கு. மிச்சமிருக்கும் பதினொருவரும் ஆடித்தான் ஆக வேண்டும். பந்தைக் கண்டாலே ஒதுங்கிக்கொள்ளும் பையன் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறான். போன வாரம் அவனைக் கேலி செய்தவன் இந்த வாரம், "பயப்படாதே, நான் உன் பக்கத்திலேயே நிற்கிறேன்" என்கிறான். சொல்லாமல் அவனுக்கும் வேறு வழியில்லை.

நாட்டுப்புறத்துச் சிறிய கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே நுழைவாயிலில் எழுதிய குறிக்கோளுக்குப் போய்விடுகிறார்கள். அன்பு, சேவை, பணிவு, ஒழுக்கம் என்று நான்கு சொற்கள். எந்தப் பள்ளியின் வாயிலிலும் எழுதிவைக்கலாம், யாரும் ஆட்சேபிக்கப்போவதில்லை. எனக்கு அந்தக் கோல் கம்பம்தான் முக்கியமாகப் படுகிறது. இந்தப் பள்ளிகளின் விழுமியங்களில் பாதி விவிலியத்திலிருந்து வருகிறது என்றால், மறுபாதி ஆள் பற்றாக்குறையிலிருந்து வருகிறது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடத்தில்தான் இப்பள்ளிகளின் நன்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

ஆள் பற்றாக்குறை என்ன செய்யும் என்பதை அமெரிக்க உளவியலாளர்களான ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் 1964-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் காட்டினார்கள். கேன்சஸ் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். சில பத்து மாணவர்களே இருந்த பள்ளியும் அதில் உண்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் படித்த பள்ளியும் உண்டு. நாடகம், இசை, விளையாட்டு, மன்றங்கள் என்று வகைகளை எண்ணினால் பெரிய பள்ளிக்கே வெற்றி. ஒரு மாணவனுக்கு எத்தனை முறை பொறுப்பான இடம் கிடைத்தது என்று எண்ணினால் சிறிய பள்ளி முந்திக்கொண்டது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. படிப்பில் தடுமாறி ஒதுங்கி நிற்கும் மாணவர்கள்கூடச் சிறிய பள்ளியில், 'நான் போகாவிட்டால் காரியம் நடக்காது' என்று மற்றவர்களைப் போலவே உணர்ந்தார்கள். பெரிய பள்ளியில் அதே வகை மாணவர்கள் வேடிக்கை பார்க்கிறவர்களாக நின்றுவிட்டார்கள். இது கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அளவு செய்யும் வேலைக்கான புகழைச் சமயத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அப்படியானால் 'கத்தோலிக்க' என்ற சொல் இந்தப் பள்ளிக்கு என்ன சேர்க்கிறது? சட்டப்படி பார்த்தால் முதலில் அந்தப் பெயருக்கே ஆயரின், அதாவது மறைமாவட்டத்தின் பிஷப்பின், இசைவு வேண்டும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 803-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: நடைமுறையில் கத்தோலிக்கப் பள்ளியாகவே இருந்தாலும், உரிய திருச்சபை அதிகாரத்தின் இசைவின்றி எந்தப் பள்ளியும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. 806-ஆம் பிரிவில் இன்னொன்று இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. கத்தோலிக்கப் பள்ளியில் தரப்படும் கல்வி, கல்வித் தரத்தில், அந்த வட்டாரத்தின் மற்றப் பள்ளிகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது அது. 'எங்கள் பிள்ளைகள் கணக்கில் சுமார்தான், ஆனால் நல்ல பிள்ளைகள்' என்று எந்தத் தலைமையாசிரியரும் தப்பித்துக்கொள்ளச் சட்டம் இடம் வைக்கவில்லை.

சட்டத்துக்கு முன்பே, 1965 அக்டோபரில், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவக் கல்வி குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நற்செய்தியின் விடுதலையும் அன்பும் உயிரூட்டும் ஒரு சமூகச் சூழலை உருவாக்குவதே கத்தோலிக்கப் பள்ளியின் தனித்தன்மை என்று அது வரையறுத்தது. பாடத்திட்டத்தையோ மறைக்கல்வி வகுப்பையோ தனித்தன்மை என்று சொல்லாமல் 'சூழல்' என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். சூழலுக்கு மதிப்பெண் போட முடியாது. ஆனால் பள்ளிக்குள் நுழைந்த கால் மணி நேரத்தில் அது தெரிந்துவிடும்.

காலை வழிபாட்டில் அது நன்றாகத் தெரியும். ஆயிரம் பேர் நிற்கும் மைதானத்தில் மன்றாட்டு பொதுப்படையாகவே இருக்கும்: நோயாளிகளுக்காக, ஏழைகளுக்காக, உலக அமைதிக்காக. எண்பது பேர் நிற்கும் முற்றத்தில் அப்படி முடிவதில்லை. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கையில் தாளோடு முன்னே வருகிறாள். "மருத்துவமனையில் இருக்கும்..." என்று தொடங்கி ஒரு பெயரில் தடுக்கி நிற்கிறாள். அது மூன்றாம் வரிசையில் நிற்கும் அவளுடைய தோழியின் அம்மா பெயர். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கிறாள். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எண்பது குரல்கள் சொல்லும்போது, அந்தத் தோழி தலையைக் குனிந்து செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் காட்சியை ஆறுதல் என்றும் சொல்லலாம், கூச்சம் என்றும் சொல்லலாம். அன்றைக்கு அவளுக்கு எது என்பது அவளுக்குத்தான் தெரியும். தன் வீட்டுச் செய்தி எண்பது பேருக்கும் தெரிந்துவிட்டது என்பதும், அவளுடைய மதிய உணவைப் பற்றி அன்று மூன்று பேராவது விசாரிப்பார்கள் என்பதும் ஒன்றாகவே நிகழ்கின்றன.

வழிபாட்டு ஆண்டும் பள்ளியின் கால அட்டவணையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பது இன்னொரு விஷயம். திருவருகைக் காலம், தவக்காலம், பாதுகாவலரின் திருநாள், ஆண்டுக்கு ஒருமுறை தியானம். பெரும்பாலான மாணவர்களுக்கு இதில் பாதி, வகுப்பில்லாத நேரம்தான். அதை ஒளித்துப் பயனில்லை. ஆனாலும் தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் ஒரு காரியம் செய்கிறது. தலைமையாசிரியரும், நேற்று அவரிடம் திட்டு வாங்கிய பையனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். "மனிதனே, நீ மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று இருவருக்கும் ஒரே வாசகம்தான் சொல்லப்படுகிறது. இரண்டு நெற்றியிலும் ஒரே சாம்பல். அன்று முழுவதும் அந்த நெற்றியோடுதான் அவர் கண்டிக்கவும் வேண்டும்.

கண்டிப்பு என்று வரும்போது இந்த மரபில் தவிர்க்க முடியாத பெயர் ஜான் போஸ்கோ. இத்தாலியின் பெக்கி என்ற குக்கிராமத்தில் 1815-இல் பிறந்த உழவர் வீட்டுப் பிள்ளை. தொழில் நகரமான தூரினில் வேலை தேடி வந்த பையன்களிடையே பணியாற்றியவர். தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட, நடக்காதபடி கூடவே இருப்பது என்ற தம் முறையை 1877-இல் எழுத்தில் வைத்தார். பகுத்தறிவு, சமயம், கனிவு ஆகிய மூன்றும் அதன் தூண்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1884 மே மாதம், ரோமிலிருந்து தூரினிலுள்ள தம் இல்லத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அது ஒரு புகார்க் கடிதம். பையன்கள் விளையாடும்போது ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒதுங்கி நடக்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. பிள்ளைகளை நேசித்தால் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்பது அவர்களுக்கே தெரிய வேண்டும் என்றார். ஒரு கல்வித் தத்துவத்தின் சோதனைக்களம் ஆசிரியர் இடைவேளையில் எங்கே நிற்கிறார் என்பதுதான் என்று அவர் கண்டுகொண்டார். சிறிய பள்ளியில் இதற்குத் தனி முயற்சி வேண்டாம். இயற்பியல் எடுப்பவரே கைப்பந்து நடுவர். பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவரே வருகைப் பதிவேட்டையும் கூட்டிப் பார்ப்பவர். மாணவனை வகுப்பில் மட்டுமே அறிந்த ஆசிரியர் அங்கே இருக்க முடியாது.

இத்தகைய நெருக்கம் கல்வியில் என்ன பலன் தருகிறது என்று அளந்து பார்த்தவர் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன். அமெரிக்காவில் 1980-இல் பத்தாம் வகுப்பிலிருந்த மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய தேசியக் கணக்கெடுப்பை அவர் பயன்படுத்தினார். பள்ளிப் படிப்பை முடிக்காமல் இடையில் நின்றவர்கள் அரசுப் பள்ளிகளில் 14.4 விழுக்காடு, பிற தனியார் பள்ளிகளில் 11.9, கத்தோலிக்கப் பள்ளிகளில் 3.4. தனியார் பள்ளி என்பதே காரணமாக இருந்தால் நடுவிலுள்ள எண்ணும் குறைந்திருக்க வேண்டும். எனவே காரணம் வேறு என்றார் கோல்மன். ஒரு பிள்ளையின் பெற்றோருக்கு அவன் நண்பர்களின் பெற்றோரையும் தெரியும், ஞாயிறு திருப்பலியில் பார்த்துக்கொள்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். பிள்ளை எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கே தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். இந்த வலையைத்தான் அவர் சமூக மூலதனம் என்று அழைத்தார். மறுப்பும் எழுந்தது: அக்கறையுள்ள பெற்றோர்தான் இத்தகைய பள்ளியைத் தேடிப் போகிறார்கள், வெற்றி அவர்களுடையதா பள்ளியுடையதா என்று. அந்தக் கேள்வி நியாயமானது, இன்றும் முழுதாகத் தீரவில்லை. நாட்டுப்புறத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்லலாம். அங்கே அந்த வலை கோயில் இல்லாமலேயே இருக்கிறது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பள்ளியின் பங்கு தொடங்குகிறது.

நாட்டுப்புறக் கத்தோலிக்கக் கல்வி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு என் மனத்தில் முதலில் நிற்பது பார்பியானா. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்கு வடக்கே மலைச்சரிவில் ஒரு கோயிலும் சிதறிய சில வீடுகளும். 1954 டிசம்பரில் லொரென்சோ மிலானி என்ற இளம் அருட்பணியாளர் அங்கே அனுப்பப்பட்டார். சாலை இல்லை, மின்சாரம் இல்லை. பதவி உயர்வாக அல்ல, கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றே மறைமாவட்டம் அவரை அங்கே அனுப்பியது என்பது ஊரறிந்த செய்தி. தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்துவிட்ட மலைப் பையன்கள் ஆறு பேரை வைத்துக்கொண்டு பங்கு இல்லத்திலேயே மேல்வகுப்பு தொடங்கினார். ஆண்டு முழுக்க, ஞாயிறும் விடுமுறையும் இல்லாமல் பள்ளி நடந்தது. பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். தினமும் செய்தித்தாளை வரிவரியாகப் படித்தார்கள். மலைப் பையன்களுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று கண்டு, சிறிய நீச்சல் குளம் ஒன்றைத் தாங்களே கட்டினார்கள்.

அவர்கள் எழுதிய முறையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் பையிலும் குறிப்பேடு. தோன்றிய எண்ணத்தை அவ்வப்போது அதில் எழுதுவார்கள், பிறகு ஒரு சீட்டுக்கு ஒரு எண்ணம் என்று பிரித்து எழுதுவார்கள். ஒருநாள் எல்லாச் சீட்டுகளையும் பெரிய மேசையில் பரப்புவார்கள். ஒரே கருத்து இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றை நீக்கு. ஒத்தவற்றை ஒரு குவியலாகச் சேர். குவியல் ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயம். பிறகு கத்தரியும் பசையும் எடுத்து, வரிசை மாற்றி ஒட்டி, தேவையற்ற சொல்லை ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். கடைசியில் வெளியாட்களிடம் படித்துக் காட்டுவார்கள். அதிகம் படிக்காதவர்களாக இருந்தால் நல்லது. அவர்களுக்குப் புரியாத வரி போய்விட வேண்டும். இப்படி எட்டு மாணவர்கள் சேர்ந்து, ஏழைப் பிள்ளைகளைத் தோல்வியடையச் செய்து வெளியேற்றும் பள்ளிமுறையைக் குற்றம்சாட்டி ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967 மே மாதம் நூலாக வந்தது. அடுத்த மாதம் மிலானி இறந்துபோனார், 44 வயதில். அந்த வகுப்பறைச் சுவரில் 'ஐ கேர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: எனக்கு அக்கறை உண்டு. எனக்கென்ன என்று மார்தட்டிய பாசிச முழக்கத்துக்கு அதுவே பதில் என்றார் மிலானி. 2017 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த மலைக்குப் போய் அவர் கல்லறையருகே நின்று செபித்தார்.

பார்பியானாவுக்கு முன்பு, தொழிலாளர்களுக்கு மாலைப் பள்ளி நடத்தியபோது மிலானி வகுப்பறையிலிருந்து சிலுவையைக் கழற்றி வைத்தார். அதைச் சாக்காக வைத்து யாரும் வராமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காக. இதைப் பலர் இன்றும் ஏற்க மாட்டார்கள். ஆனால் இது எழுப்பும் கேள்வி, கத்தோலிக்கர் சிறுபான்மையாக உள்ள நாடுகளின் பள்ளிகளில் தினமும் எழுவதுதான். மாணவர்களில் பெரும்பாலோர் பிற சமயத்தவர். மணி அடித்ததும் ஒரு கூட்டம் மறைக்கல்விக்கும் மற்றது நன்னெறி வகுப்புக்கும் பிரியும். பல இடங்களில் இந்தப் பிரிவு சிக்கலின்றி நடக்கிறது. சிக்கல் நுட்பமான இடத்தில் வரும்: செபம் சொல்லும்போது அமைதியாக நின்றால் போதுமா, உதடு அசைய வேண்டுமா? எழுதப்படாத இந்த விதியை ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கிறது. மாணவர் அதை முதல் வாரத்திலேயே புரிந்துகொள்கிறார்.

இனி இருண்ட பக்கம். 2009 மே மாதம் அயர்லாந்தில் வெளியான விசாரணை ஆணைய அறிக்கை, துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைப் பதிவுசெய்தது. அவை தினமும் வீடு திரும்பும் சாதாரணப் பள்ளிகள் அல்ல. பிள்ளைகளை அங்கேயே அடைத்துவைத்த இல்லங்கள். ஆனாலும் அதில் கண்ட ஒரு காரணம் நம் பொருளுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. மேற்பார்வையிட வேண்டிய கல்வித்துறை, சபைகளிடம் காட்டிய பணிவும் பயபக்தியும் ஆய்வையே செயலற்றதாக்கின என்றது அறிக்கை. பணிவு இந்தப் பள்ளிகளின் தலையாய விழுமியங்களில் ஒன்று. அதே பணிவு, கேள்வி கேட்க வேண்டியவரின் வாயை அடைத்தது. சிறிய ஊரில் தாளாளரும் பங்குத்தந்தையும் ஒருவரே. ஊர்ப் பெரியவர்கள் அவரோடு ஒரே மேசையில் அமர்பவர்கள். பிள்ளையின் அப்பா கோயில் வேலையில் இருப்பவர். புகார் சொல்லும் சிறுவன் யாரிடம் போவான்? எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்ற வலை, அவனைத் தாங்கிப் பிடிப்பதற்குப் பதில் சுற்றி இறுக்கும். பள்ளிக்கும் ஊருக்கும் வெளியே, பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள ஒருவரிடம் புகார் போகும் வழி இல்லாத பள்ளியில் விழுமியங்களைப் பற்றிப் பேசுவது வீண் என்பது என் கருத்து. இத்தனை பெரிதாக இல்லாத காயங்களும் உண்டு. எட்டாம் வகுப்பில் 'திருடன்' என்று ஒருமுறை பெயர் வாங்கியவன் பள்ளி முடியும்வரை அந்தப் பெயரோடு வாழ வேண்டியிருக்கும். மாறிப்போக வேறு பிரிவு கிடையாது.

பணத்துக்கு வருவோம். பல நாடுகளில் இப்பள்ளிகள் இவ்வளவு காலம் நின்றதற்கு நேரடியான காரணம், துறவியர் ஏறக்குறைய ஊதியமின்றி உழைத்தது. ஆஸ்திரேலியாவின் பெனோலா என்ற சிற்றூரில் 1866-இல் மேரி மக்கிலப் ஒரு பழைய குதிரை லாயத்தில் பள்ளி தொடங்கினார். தொடக்கப் பள்ளிதான், ஆனால் முறை அதுவே. பெரிய மடம் இல்லாமல் இரண்டு மூன்று சகோதரிகள், மக்கள் வாழ்வது போன்ற சிறிய வீட்டில் தங்கி, கட்டணம் தர இயலாத பிள்ளைகளுக்கும் கற்பித்தார்கள். ஆயருக்கும் அவர்களுக்கும் பிணக்கு வளர்ந்து 1871-இல் ஆயர் மேரியைத் திருச்சபையிலிருந்தே விலக்கிவைத்தார். ஐந்து மாதத்தில் அந்தத் தடை நீங்கியது. 2010-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். பணிவு எப்போதும் மேலிருப்பவர் சொல்வதைக் கேட்பது மட்டுமில்லை என்பதற்கு இந்த மரபுக்குள்ளேயே சான்று இருக்கிறது.

அப்படிப்பட்ட சகோதரிகள் இப்போது வெகு சிலரே. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 1920-இல் கற்பித்தவர்களில் 92 விழுக்காட்டினர் துறவியரும் அருட்பணியாளரும். இன்று 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 1960-களில் 52 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை சுமார் 17 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. துறவியல்லாத பொதுநிலை ஆசிரியருக்குக் குடும்பம் உண்டு, ஊதியம் வேண்டும். அரசு நிதியுதவி இல்லாத நாடுகளில் அந்த ஊதியம் கட்டணமாகப் பெற்றோர் தலையில் ஏறுகிறது. கட்டணம் ஏறினால் யார் முதலில் வெளியேறுவார்கள்? கத்தோலிக்கப் பள்ளி குறித்து 1977-இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம் இந்த ஆபத்தை நேராகவே எழுதியது: முதன்மையாக ஏழைகளுக்கே இந்தக் கல்விப் பணி, வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே என்று ஆகிவிட்டால் அவர்களுடைய சலுகைகளை நிலைநிறுத்தத் துணைபோவதாகிவிடும். ஆவணம் சொல்லிவிட்டது. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுபவர் தலைமையாசிரியர். வேதியியலுக்கு ஆள் கிடைக்காமல் உயிரியல் ஆசிரியரையே அதையும் எடுக்கச் சொல்பவரும் அவர்தான். நான்கு பேர் கேட்கும் பாடத்தை நடத்த முடியாது என்று அந்த நான்கு வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

இன்னொரு முரண் எந்த ஆவணத்திலும் இல்லை. இந்தப் பள்ளி நன்றாக நடந்தால் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவார்கள். கல்லூரி நகரத்தில், வேலை நகரத்தில். நன்றாகப் படித்தவள் முதலில் போகிறாள், அவள் பிள்ளைகள் வேறெங்கோ பள்ளியில் சேர்கிறார்கள். பாதுகாவலர் திருநாளுக்கு எல்லோரும் திரும்பி வருவார்கள், முற்றம் நிறையும், பழைய மாணவர்கள் கட்டடத்துக்கு நன்கொடை அறிவிப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் பெயர்கள் அதே எண்ணிக்கைதான். பதினான்கு பன்னிரண்டாகும், பிறகு பத்தாகும். அப்போது தலைமையாசிரியர் உட்கார்ந்து, ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசுப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுவார். உங்களிடமும் ஆள் போதாது என்று கேள்விப்பட்டேன், இரண்டு பள்ளியும் சேர்ந்து ஒரே அணியாக ஆடலாமா, கோல் காப்பதற்கு எங்களிடம் ஒரு பையன் இருக்கிறான் என்று.